புத்தகத்தைத் திருப்பினால் உங்களை மறந்துவிடும் நூலகம்: ரங்கநாதன் வாழ்க்கை சொல்லும் பிரைவசி பாடம்

குமாரபாளையத்தில் சொந்த வீடு இருக்கிறதா? நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்க. அதோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகியிருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம். தறிக்கூடம் வைத்திருப்பவரும் கட்டுகிறார், நாலு சென்ட் வீட்டுக்காரரும் கட்டுகிறார். வாடகை வீட்டில் இருக்கிறவங்க நேரடியாகக் கட்டாவிட்டாலும், அது வாடகைக்குள் ஒளிந்திருக்கும்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு இந்திய நூலகத் துறையின் தந்தை என்ற ஒரு வரிக் கேள்வியாக இவரைத் தெரியும். ஆனால் இன்று பிக் டேட்டா, பிரைவசி என்று நாம் பேசும் விஷயத்துக்கும் இவர் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஒரு சின்ன கற்பனை. விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பற்றிய புத்தகத்தை நூலகத்தில் எடுக்கிறார். கல்லூரி மாணவி ஒருவர் சிறப்புத் திருமணச் சட்டம் பற்றி எடுக்கிறார். இன்னொருவர் மனச்சோர்வு பற்றி. மூணு பேரும் வீட்டில்கூட சொல்லவில்லை. ஒரு தெருவில் நடப்பது அடுத்த தெருவுக்கு அரை மணி நேரத்தில் போய்விடும் ஊரில், அந்தப் பட்டியல் முதலாளி கையிலோ, பெரியப்பா கையிலோ கிடைத்தால் என்ன ஆகும்?

பல வருடங்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு நிம்மதியான பதில் இருந்தது. அப்படி ஒரு பட்டியலே இருக்காது. ஏன் இருக்காது, இப்போ ஏன் இருக்கிறது என்று புரிய, ரங்கநாதனின் கதைக்குப் போகணும்.

யார் இந்த ரங்கநாதன்?

1892 ஆகஸ்டில், அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். திக்குவாய் இருந்தது. படிப்பில் அவரை இழுத்தது கணிதம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் எட்வர்ட் ராஸிடம் கணிதம் படித்து முதுகலை முடித்தார். பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்தார். திக்குவாயோடு போராடிக்கொண்டே வகுப்பறையைத் தன் வசப்படுத்திய ஆசிரியர் அவர்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகம் மேல் இருந்த காதலால் வந்தவர் இல்லை. நூலகப் பயிற்சியும் கிடையாது. வந்த சில நாட்களிலேயே வெறுத்துப்போனார். ஆளே வராத அறையில் புத்தகங்களுக்குக் காவல் இருக்கிற மாதிரி ஒரு வேலை. திரும்பக் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய் நூலகத் துறையைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள். அந்தப் பயணம் அவர் வாழ்க்கையை மாற்றியது.

லண்டனில் என்ன நடந்தது?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸிடம் நூல் வகைப்பாடு படித்தார். சேயர்ஸ் குராய்டன் பொது நூலகத்தின் தலைவரும்கூட. அவர் மூலமாக இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றுக்குள் ரங்கநாதன் நுழைந்து பார்த்தார்.

அங்கே தொழிலாளியும், குழந்தையும், வீட்டுப் பெண்களும் நூலகத்துக்குள் வந்து, அலமாரிக்கே போய், தாங்களே புத்தகத்தை எடுத்தார்கள். நம்ம ஊரில் அன்று நிலைமை வேறு. அலமாரி பூட்டியிருக்கும். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துக் காத்திருக்கணும். அதாவது என்ன படிக்கப் போகிறோம் என்பதை முதலில் இன்னொருவரிடம் சொல்லியாகணும்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளையும் பார்த்தார். சில உலோகத் துண்டுகள், சில திருகுகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியது. 1925ல் ஊர் திரும்பும்போது கணக்கு வாத்தியார் நூலகராகவே மாறியிருந்தார்.

13 மணி நேர வேலை

அதற்குப் பிறகு சுமார் 20 வருடம் சென்னைப் பல்கலைக்கழக நூலகம்தான் அவர் வாழ்க்கை. வாரத்தில் 7 நாளும், நாளுக்கு 13 மணி நேரம் வரை வேலை, விடுமுறையே எடுக்காமல். 1928ல் முதல் மனைவி ருக்மணி இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். திருமணத்தன்றும் நூலக வேலைக்குப் போய்விட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இதைப் பெருமையாகச் சொல்வதா, குறையாகச் சொல்வதா என்று இன்றைய ஐ.டி. தலைமுறை தனியாக விவாதிக்கலாம்!

அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர்களே உள்ளே போய் எடுக்கலாம். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928ல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1929ல் அந்தச் சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. 1931ல் பயிற்சியைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது.

அதே 1931ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். சுருக்கமாகச் சொன்னால்: புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. எந்த வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும். எந்தப் புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்கணும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

அந்த ஆண்டில் இந்தச் சிந்தனை நகரத்தோடு நிற்கவில்லை. மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகத்தைத் தொடங்கியதும் 1931ல்தான்.

ஒரு அட்டை, ஒரு பை, அவ்வளவுதான்!

நம்ம கதைக்கு முக்கியமான இடம் நாலாவது விதி, அதாவது நேரம்.

பழைய நூலகங்களில் ஒரு பெரிய பேரேடு இருக்கும். யார், எந்தப் புத்தகம், எந்தத் தேதி என்று வரிசையாக எழுதுவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரியைத் தேடி அடிக்கணும். வாசகர்கள் வரிசையில் நிற்பார்கள். ரங்கநாதனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஆதரித்தது டிக்கெட் முறை. அவர் கண்டுபிடித்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நூலகர் நினா பிரௌன் உருவாக்கியது. இந்திய நூலகங்களில் இன்றும் அதைப் பிரௌன் முறை என்றுதான் சொல்கிறார்கள்.

80, 90களில் பிறந்து கிளை நூலகத்தில் உறுப்பினராக இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். உங்களுக்கு உங்கள் பெயர் எழுதிய டிக்கெட்கள் தருவார்கள். டிக்கெட் என்றாலும் அது ஒரு சின்ன அட்டைப் பை. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் அதன் பெயர், எண் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். நீங்கள் புத்தகம் எடுத்தால், நூலகர் அந்த அட்டையை உருவி உங்கள் பைக்குள் செருகி, தேதி வாரியாக ஒரு மரத் தட்டில் அடுக்குவார். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தாளில் திருப்ப வேண்டிய தேதியை முத்திரை குத்துவார். வேலை முடிந்தது.

புத்தகத்தைத் திருப்பினால்? அட்டை மறுபடி புத்தகத்துக்குள் போகும். பை உங்கள் கைக்கு வரும். இரண்டும் பிரிந்த அந்த நொடியில், அந்தப் புத்தகத்தை எடுத்தது நீங்கள்தான் என்று சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. தாளில் தேதிகள் மட்டும் இருக்கும். இந்தப் புத்தகம் இத்தனை தடவை வெளியே போயிருக்கிறது என்று தெரியும். யாரிடம் போனது என்று தெரியாது.

இதே காலத்தில் நெவார்க் முறை என்று இன்னொன்றும் இருந்தது. அதில் வாசகரின் எண்ணைப் புத்தக அட்டையிலேயே எழுதுவார்கள். புத்தகம் திரும்பிய பிறகும் அந்த எண் அழியாது. பத்து வருடம் கழித்துக்கூட யார் படித்தார் என்று புரட்டிப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். பிரௌன் முறையின் பலனாக அன்று பேசப்பட்டது வேகம்தான். எழுதுகிற வேலை இல்லை, வரிசை சீக்கிரம் நகரும். பிரைவசி அந்த வேகத்தோடு இலவசமாக வந்த இணைப்பு. எழுதாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் ரகசியம் தப்பியது.

எண்களைக் காதலித்தவர்

அதற்காக ரங்கநாதன் டேட்டாவுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கணக்கு வாத்தியார்! எந்தத் துறைப் புத்தகம் அதிகம் போகிறது, எந்த நேரத்தில் கூட்டம், எத்தனை ஊழியர் தேவை என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கச் சொன்னவர். 1948ல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த மாநாட்டில், நூலக வேலைகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் ஒரு துறையே வேண்டும் என்று முன்வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் லைப்ராமெட்ரி. இன்று நூலக டேட்டா அனலிடிக்ஸ் என்று சொல்வதன் தாத்தா என்று இதை எடுத்துக்கலாம்.

அன்றைய நூலகக் கணக்குக்கு அந்தத் தேதித் தாள் மாதிரியான ஆதாரங்களே போதும். புத்தகத்தின் நடமாட்டத்தை எண்ணினால் எதை வாங்கலாம் என்று முடிவு செய்யலாம். ஆளைப் பின்தொடரத் தேவை இல்லை.

சட்டமும் வரியும்

ஊர் ஊருக்கு நூலகம் வர, நல்ல மனசு மட்டும் போதாது, நிலையான பணம் வேண்டும் என்று ரங்கநாதனுக்குத் தெரியும். 1930ல் பனாரஸில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 18 வருடம் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் இதுதான். நூலக வரியும், அதை நிர்வகிக்கும் நூலக ஆணைக்குழுவும் இதிலிருந்து வந்தவை. இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று தமிழ்நாடு முழுக்க விரியும் அமைப்பின் அடித்தளம் இது.

சட்டம் வந்தபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் போனார். 1947 முதல் டெல்லிப் பல்கலைக்கழகம். பிறகு இரண்டு வருடம் சூரிச். 1956ல் தன் சேமிப்பில் இருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், மனைவி சாரதா பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை அமைக்க. அன்றைய 1 லட்சம் ஒரு சம்பளக்காரருக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துக்கோங்க.

1957ல் பத்மஸ்ரீ. 1962ல் பெங்களூருவில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அது அமைந்த இடம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குள். 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27ல் பெங்களூருவில் காலமானார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அமேசான் ஃபில்டரும் ரங்கநாதனும்

மெக்கானோவைப் பார்த்து அவர் யோசித்தது 1933ல் கோலன் வகைப்பாடு என்ற புத்தகமாக வந்தது. ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், பல முகங்களாகப் பிரிப்பதுதான் இதன் அடிப்படை.

உதாரணத்துக்கு, 1990களில் குமாரபாளையத்தில் பருத்தி நூலை வைத்து விசைத்தறியில் நெய்வது பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கோங்க. விசைத்தறி ஒரு முகம். பருத்தி நூல் ஒரு முகம். நெய்தல் என்ற செயல், குமாரபாளையம் என்ற இடம், 1990கள் என்ற காலம் எல்லாம் தனித்தனி முகங்கள். எந்த முகத்தைப் பிடித்துத் தேடினாலும் புத்தகம் சிக்கும்.

ஷாப்பிங் ஆப்பில் நிறம், சைஸ், விலை, பிராண்ட் என்று ஃபில்டர் போடுகிறீர்களே, அதன் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான்.

ஆனால் இதே வழியைப் புத்தகத்துக்குப் பதிலாக மனிதர் மேல் போட்டால்? வயது 22, பெண், இந்தத் தெரு, சனிக்கிழமை மாலை. நாலே நாலு ஃபில்டர். பெயரே தேவை இல்லை, ஆள் சிக்கிவிடுவார்.

2006ல் அமெரிக்காவில் இது நடந்தது. ஏஓஎல் நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் இணையத் தேடல்களைப் பெயரை நீக்கி, எண் மட்டும் போட்டு ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. சில நாட்களில் பத்திரிகையாளர்கள் தேடல் சொற்களை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றார்கள். 6.5 லட்சம் பேருக்குள்ளேயே இப்படி என்றால், சில ஆயிரம் உறுப்பினர் உள்ள ஒரு கிளை நூலகத்தில் பெயரை மட்டும் அழிப்பது எவ்வளவு பாதுகாப்பு?

இப்போ என்ன மாறியிருக்கு?

அட்டையும் பையும் போய், பார்கோடும் டேட்டாபேஸும் வருகின்றன. தேடுவது சுலபம், புதுப்பிப்பது சுலபம், வரிசை இல்லை. நாலாவது விதிக்கு ரங்கநாதனே கைதட்டியிருப்பார்.

ஆனால் ஒரு விஷயம் தலைகீழாகிவிட்டது. அட்டை முறை தானாக மறக்கும், ஞாபகம் வைக்கத்தான் தனி வேலை. கணினி தானாக ஞாபகம் வைக்கும், மறக்க வைக்கத்தான் தனி வேலை.

உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கோங்க. புத்தகம் திரும்பியதும் அந்தப் பதிவு பழைய பரிவர்த்தனைப் பட்டியலுக்குப் போய் உறுப்பினர் எண்ணோடு தங்கும். அதே மென்பொருளில் வாசிப்பு ஹிஸ்டரியை நீக்கும் வசதியும் இருக்கிறது. வைத்திருக்கவா, வேண்டாமா என்று உறுப்பினரே தேர்ந்தெடுக்கவும் வழி செய்யலாம். ஆனால் நூலகம் அதை ஆன் செய்யணும்.

மின்னூல் வந்தால் இன்னொரு படி. 2014ல் அடோபி நிறுவனத்தின் மின்னூல் செயலி, வாசகர் எந்தப் பக்கம் வரை படித்தார் என்பது உள்பட விவரங்களைப் பூட்டுப் போடாமல் தன் சர்வருக்கு அனுப்பியது வெளியே வந்தது. பேரேடுகூட நீங்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டதில்லை.

அரசு கேட்டால்? 2005ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றிடம், ஒரு கணினியைப் பயன்படுத்தியவர் விவரத்தை எஃப்.பி.ஐ. ரகசிய உத்தரவு மூலம் கேட்டது. நான்கு நூலகர்கள் மறுத்து நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு அந்த உத்தரவு கைவிடப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் பல அமெரிக்க நூலகங்கள் எடுத்த முடிவு எளிமையானது. புத்தகம் திரும்பியதும் பதிவை அழித்துவிடுவது. இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. நம்ம அட்டையும் பையும் செய்த அதே வேலை!

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

2017ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த நோக்கத்துக்காக ஒருவரின் விவரம் வாங்கப்பட்டதோ, அது முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது இதில் முக்கியமான கடமை.

நூலகத்துக்கு இது அப்படியே பொருந்தும் போலத் தெரியும். புத்தகம் திரும்பினால் நோக்கம் முடிந்தது. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் இந்த அழிக்கும் கடமையில் இருந்து விலக்கு தருகிறது. வரிப் பணத்தில் நடக்கும் பொது நூலகம் அந்த விலக்குக்குள் வர வாய்ப்பு அதிகம். அதாவது அழிப்பதா, வைத்திருப்பதா என்பது சட்டத்தைவிட, நூலகத்தை நடத்துபவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தே அமையும்.

நீங்க என்ன கேட்கலாம்?

அடுத்த முறை நூலகம் போகும்போது மூணு கேள்வி போதும். புத்தகத்தைத் திருப்பிய பிறகு என் பெயரோடு பதிவு இருக்குமா? இருந்தால் எத்தனை நாள், யாரெல்லாம் பார்க்கலாம்? வேண்டாம் என்றால் நீக்க முடியுமா?

நூலகரைக் குற்றம் சொல்லும் தொனியில் கேட்க வேண்டாம். பல இடங்களில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. ஆனால் கேள்வி வந்தால்தான் அது மேலே போகும்.

எந்தப் புத்தகம் அதிகம் போகிறது என்று நூலகம் தாராளமாக எண்ணட்டும். ரங்கநாதன் ஆசைப்பட்டதும் அதுதான். அந்தக் கணக்குக்கு உங்கள் பெயர் தேவையே இல்லை என்பதை, தேதி மட்டும் குத்திய அந்தப் பழைய தாள் காட்டிவிட்டது. 1931ல் வேகத்தோடு சேர்ந்து இலவசமாகக் கிடைத்த பிரைவசி, இன்று கேட்டால்தான் கிடைக்கும். ரூபாய்க்கு 10 பைசா கட்டுகிறோம். கேட்க உரிமை இருக்கிறது.